ஜூராவின் எட்டு மணி

என் ஓரகத்தி ஜூரா பயந்த சுபாவம் என்று சொன்னால் எங்கள் மலையூர் கோக்-சாயில் யாரும் மறுக்க மாட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வருவாள், கேட்டைத் தாண்டியதும் அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பாள். ஒஷ் நகரத்தில் கட்டிக்கொடுத்த மகள் போனை எடுக்கவில்லை என்றால் மருமகன், சம்பந்தி, சம்பந்தியின் பக்கத்து வீடு என்று வரிசையாக அழைத்து எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைப்பாள். மாஸ்கோவில் எட்டு வருஷம் தரை துடைத்துவிட்டு வந்தவள். சீருடை போட்ட ஆளைப் பார்த்தால் இன்றைக்கும் அவள் கை தானாகவே பைக்குள் போய்ப் பாஸ்போர்ட்டைத் தேடும். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு பள்ளிக்கூட வாசலில் சம்சா சுட்டு விற்கிறாள். நல்ல சம்சா, வெங்காயத்தில் கஞ்சத்தனம் பண்ண மாட்டாள்.

இப்படிப்பட்டவளின் தலையில்தான் எல்தியாரைக் கட்டினார்கள். ஊர்ப் பெண்கள் குழுவுக்கு அவள் தலைவி. தலைவி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குகிறவள் என்று அர்த்தம். நீதிமன்றம் ஒரு பையனை ஊர்ப் பொறுப்பில் விட்டால், ஊர்க்காரர் ஒருவர் அவனுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் எல்லோரும் தலைவியைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

எல்தியாருக்குப் பதினேழு வயது. அப்பா இல்லை, அம்மா ரஷ்யாவில் எங்கோ கோழிப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். சித்தப்பா ஜோல்சுவின் வீட்டில் வளர்கிறான். போன வருஷம் பெரிய பையன்கள் இரண்டு பேரோடு சேர்ந்து மாம்பெத்தின் கிடாயை ஓட்டிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்றுவிட்டான். பெரியவர்கள் இருவரும் சிறைக்குப் போனார்கள். இவனுக்கு வயது குறைவு, முதல் தப்பு என்று இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். ஊர் எல்லையான ஆற்றைத் தாண்டுவதானால் அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மீறினால் சிறார் சிறை.

"மீறினால்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் ஜூராவைத் தின்றது. அவனைத் தொழிற்பள்ளிக்கு அனுப்பி வைப்பாள், அவன் போய்ச் சேர்ந்தானா என்று வெல்டிங் வாத்தியாருக்குப் போன் பண்ணுவாள். மாதம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போவாள். அந்த அம்மாள் அவனை ஒரு மரம் வரையச் சொல்வாராம். அடுத்த மாதமும் மரம்தான். "பெரியம்மா, அவங்களுக்கு மரம்னா ரொம்பப் பிடிக்கும்போல. ஒரு கன்னு வாங்கிட்டுப் போய்க் குடுத்துடலாமா?" என்று எல்தியார் கேட்டான். ஜூரா சிரிக்கவில்லை. கிண்டலாகப் பேசினான் என்று ஆலோசகர் எழுதிவிட்டால் என்ன ஆவது என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டாள்.

தினமும் எட்டு மணிக்குச் சற்று முன்னால் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜோல்சுவின் வீட்டுக்குப் போவாள். எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு. கதவைத் தட்டி, "இருக்கானா?" என்பாள். "இருக்கான்" என்பார்கள். அதோடு விடமாட்டாள், அவனைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். "தெனமும் இதே பாட்டா இருக்கே. அவன் எங்க போயிடப் போறான்?" என்று ஒருநாள் நான் கடிந்துகொண்டேன்.

"போயிட்டான்னா நீயா பதில் சொல்லுவே?" என்று சீறினாள்.

இந்த லட்சணத்தில் அவளாகப் போய் இழுத்துப் போட்டுக்கொண்ட வினைதான் அந்த மேய்ச்சல் முறை. எங்கள் ஊரில் இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் ஆடுகளை மேய்க்கத் தனி ஆள் கிடையாது. தெருவின் ஆடுகளை எல்லாம் ஒரே மந்தையாகச் சேர்த்து, நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து ஓட்டிப் போவோம். அதைக் கெஸூ என்போம். கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டால்கூட எங்கள் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். முறையில் ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் அந்த வீடு ஊரில் இல்லை என்று அர்த்தம்.

ஜோல்சு வீட்டு முறை வந்தது. உருளைக்கிழங்கு தோண்டியதில் ஜோல்சுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துத்தான் நடந்தான். அந்த வீட்டில் போகக்கூடிய ஆள் எல்தியார் மட்டும்தான். காலையில் ஆடு சேர்க்கிற இடத்தில் பேச்சு ஆரம்பித்தது.

"அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் மாம்பெத். கிடாயைப் பறிகொடுத்தவர், அவருக்குச் சொல்ல உரிமை உண்டு. "அவன் கையில என் ஆட்டக் குடுக்கறதுக்கு நானே சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி வித்துருவேன். காசாவது எனக்கு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜோல்சு தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

ஜூரா முன்னால் வந்தாள். பயந்துகொண்டேதான் பேசினாள். "மாம்பெத் அண்ணே, கிடாய்க்கு வெல வாங்கிட்டீங்க. ஜோல்சு குதிரைய வித்துக் கட்டுனான். இன்னும் என்ன வேணும்? ஊருல வச்சுத் திருத்துங்கன்னு கோர்ட்டு சொல்லிருக்கு. ஊருன்னா என்ன, நான் மட்டுமா? முறைகூடக் குடுக்க மாட்டோம்னா, அவன் இங்க இருந்து என்ன, சிறையில இருந்து என்ன?"

கடைசியில் மாம்பெத் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, "ஒண்ணு கொறஞ்சாலும் உன்கிட்டதான் வந்து நிப்பேன்" என்றார். அதுதான் சம்மதம்.

எல்லாம் சரி. இந்தப் பக்கத்துப் புல் தீர்ந்துபோய், அந்த வாரம்தான் மந்தையை ஆற்றுக்கு அக்கரையில் மேய்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவளைத் தனியாக இழுத்து, "பாலத்தத் தாண்டணும்ல, அந்த அதிகாரிப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரு" என்றேன்.

"அனுமதி வாங்கிட்டு எடுக்கற முறை முறையா சபீரா? வேற யாரு அனுமதி வாங்கிட்டுப் போறாங்க? இன்னிக்கு ஒருநாள் அவன் எல்லாரையும் மாதிரி போயிட்டு வரட்டும்" என்றாள். வருஷம் முழுக்க எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் வீரம் காட்டினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் எல்தியார் தோளில் ரொட்டிப் பையோடும் கையில் கம்போடும் அத்தனை ஆட்டுக்கும் பின்னால் நிமிர்ந்து நடந்து போனதைப் பார்த்ததும் பேச மனம் வரவில்லை.

மத்தியானம் வரைக்கும் வெயில் அடித்தது. அதற்குப் பிறகு மலையிலிருந்து மூடுபனி இறங்கி ஆற்றின் மேல் படுத்துக்கொண்டது. இருட்டுகிற நேரத்துக்கு மந்தை திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. அக்கரையில் போனும் எடுக்காது. ஜூரா என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்குமாக நடந்து என் வாசலில் ஒரு பாதையே போட்டுவிட்டாள். "ஆடு சிதறியிருக்கும், சேத்துட்டு வருவான்" என்று நான் சொன்னேன். ஆனால் நானும் யோசித்துப் பார்த்தேன். அவன் ஆடுகளைத் தேடிக்கொண்டு நின்றால் எட்டு மணி தாண்டிவிடும். எட்டு மணிக்காக ஓடி வந்தால் ஆடு குறையும், குறைந்த ஆட்டை அவன் விற்றுவிட்டான் என்றுதான் ஊர் சொல்லும். எந்தப் பக்கம் போனாலும் அவன் மாட்டிக்கொள்வான்.

ஏழரைக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து ஜூரா வீட்டு வாசலில் நின்றது. சோல்பான் இறங்கினாள். மாவட்டத்திலிருந்து வரும் நன்னடத்தை அதிகாரி, முப்பது வயதுப் பெண். சொல்லாமல்தான் வருவாள். முதலில் ஜூரா வீட்டுக்கு வந்து, பிறகு இருவருமாகப் பையனைப் பார்க்கப் போவது வழக்கம்.

"பையன் வீட்டுலதானக்கா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

ஜூராவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். மாஸ்கோவில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுத்துக் கிடந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதிகாரி வந்து யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், யோசிப்பதற்கு முன்பே வாய் பொய் சொல்லிவிடும். "வீட்டுலதான்" என்றாள். "குளிக்கிறான்."

எங்கள் ஊரில் நீராவிக் குளியல் என்பது வீட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டகையில் நடக்கிற காரியம். உள்ளே போன ஆண்பிள்ளை இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சிவந்துபோய் வெளியே வருவான். ஒரு பெண் அதிகாரி அங்கே போய்க் கதவைத் தட்ட முடியாது. அந்த அவசரத்திலும் எப்படி அவளுக்கு அது தோன்றியதோ தெரியவில்லை.

"சரி, குளிச்சுட்டு வரட்டும்" என்று சோல்பான் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்கு எதிராக உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஜோல்சு வீட்டுக் கொட்டகையின் புகைபோக்கி தெருவிளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். புகை இல்லை.

நான் டீ போடுகிற சாக்கில் வெளியே வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்தேன். "ஓடிப் போயி ஜோல்சு வீட்டுக் குளியல் அடுப்பப் பத்த வையுங்க."

"யாரு குளிக்கப் போறா?"

"யாரும் குளிக்கல. பத்த வையுங்க."

மனுஷர் கேள்வி கேட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். அன்று மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினார்.

நான் உள்ளே திரும்பியபோது ஜூரா ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள், வெட்டியதையே மறுபடியும் வெட்டிக்கொண்டிருந்தாள். பாலாடை, ஜாம், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள் என்று மேஜை நிறைந்துவிட்டது. சோல்பான் ஒரு கோப்பையைக் குடித்து முடிப்பதற்குள் ஜூரா அடுத்ததை ஊற்றினாள். அப்போது கதவு திறந்தது. மாம்பெத்.

"ஜூரா, மணி என்ன ஆச்சு, அந்தத் திருட்டுப் பய இன்னும்..." என்று ஆரம்பித்தார். வந்த ஆத்திரத்தில் வெளியே நின்ற காரைக் கவனிக்கவில்லை போலும், வாசலில் கிடந்த அந்நியச் செருப்பை அப்போதுதான் பார்த்தார். பிறகு சோல்பானைப் பார்த்தார். "குளிக்கிறான் அண்ணே" என்று ஜூரா அவரைப் பார்த்த பார்வையைக் கல்லாலும் தாங்க முடியாது.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் இருக்கிறது. தங்களுக்குள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொள்வார்கள், மாவட்டத்திலிருந்து ஆள் வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். மாம்பெத் இருமினார். "இன்னும் குளிச்சு முடிக்கலையான்னு கேக்க வந்தேன். நேரமாகுதேன்னு" என்றார்.

"நீங்க பாத்தீங்களா அவன?" என்று சோல்பான் கேட்டாள்.

"வாளியில தண்ணி தூக்கிட்டுப் போனானே. ரெண்டு வாளி" என்று சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்து ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

சோல்பான் ஜன்னலைப் பார்த்தாள். "இப்பதான் புகையே வருது" என்றாள்.

"ரெண்டாவது தடவ சூடு பண்றாங்க" என்றேன். என் காதே எரிந்தது.

எட்டு மணி ஆயிற்று. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் பட்ட பாட்டிலேயே சோல்பானுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். அவள் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். ஜூராவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வேண்டுகிறாளா திட்டுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது தெருக்கோடியில் ஆடுகள் கத்துகிற சத்தம் கேட்டது.

மாம்பெத்துக்கு அதிகாரி இருப்பதே மறந்துபோயிற்று. கையில் இருந்த ரொட்டியோடு ஓடினார். தெரு முழுக்கக் கேட்டுகள் திறந்தன, டார்ச்சுகள் ஆடின. பனிக்குள்ளிருந்து ஆடுகள் நனைந்த கம்பளியோடு கும்பலாக வந்து, வழக்கம்போல அதது வீட்டுக்குப் பிரிந்து போயின. வாலில் சிவப்புச் சாயம் பூசியது மாம்பெத்துடையது, காதில் நீலத்துணி கட்டியது எங்களுடையது. ஆளாளுக்கு எண்ணினார்கள். மாம்பெத் கேட்டில் காலை வைத்து மறித்துக்கொண்டு ஒரு தடவை எண்ணினார், உள்ளே விட்டுவிட்டு இன்னொரு தடவை எண்ணினார். "சரியா இருக்கு" என்று கத்தினார். "எங்களுதும்." "எங்களுதும்." ஒன்றுகூடக் குறையவில்லை. கேட்டுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

தெருவில் ஜூரா மட்டும் நின்றாள். மந்தை வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

"பையன் எங்க?" என்றாள். முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். அடுத்த தடவை தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். "பையன் எங்க? ஆட்ட எண்ணுனீங்களே, ரெண்டு ரெண்டு தடவ எண்ணுனீங்களே. அத ஓட்டிட்டு வந்தவன யாராவது எண்ணுனீங்களா?"

சோல்பான் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குளிக்கிறான்னு சொன்னீங்களேக்கா."

"பொய் சொன்னேன்" என்றாள் ஜூரா. அழுதுவிட்டாள். "நான்தான் முறைக்கு அனுப்புனேன். ஆத்தத் தாண்டித்தான் அனுப்புனேன். உங்ககிட்ட சொல்லல. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. என்னைய என்ன வேணா பண்ணுங்க, மொதல்ல அவனத் தேடுங்க மேடம். பனியில ஆத்துல விழுந்துட்டானோ என்னவோ."

சோல்பான் உடனே காரில் ஏறினாள். ஜூராவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். பாலம் வரைக்கும் ஜூரா என் கையைப் பிடித்திருந்தாள். மறுநாள் பார்த்தபோது அவளுடைய நகம் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

அவன் ஆற்றில் விழவில்லை. பாலத்தின் அக்கரை முனையில், கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தான். முழங்கால் வரைக்கும் சேறு. காரின் வெளிச்சம் பட்டதும் எழுந்து நின்றான். மலைச்சரிவில் இறங்கும்போதே பனி விலகிய ஒரு இடைவெளியில், தெருவிளக்கு வெளிச்சத்தில் வெள்ளைக் கார் ஊருக்குள் திரும்புவதைப் பார்த்துவிட்டானாம். எட்டு மணிக்குள் போய்ச் சேர முடியாது, எல்லையும் தாண்டியாகிவிட்டது, தன்னைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவு பண்ணிவிட்டான். ஆடுகளைப் பாலத்தின் மேல் ஏற்றி ஊர்ப் பக்கம் ஓட்டிவிட்டு, நெடுஞ்சாலைக்கு நடந்து லாரி பிடித்துத் தலைநகருக்கு ஓடிவிடலாமா என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

"அப்புறம் ஏன் போகல?" என்று சோல்பான் கேட்டாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை, ஜூராவைப் பார்த்தான். "பெரியம்மா, ஆடெல்லாம் சரியா வந்துச்சா?"

"வந்துச்சுடா."

"மாம்பெத் அண்ணன் எண்ணுனாரா?"

"ரெண்டு தடவ எண்ணுனார்."

"அது தெரியாமப் போனா, ஆட்டத் திருடிட்டு ஓடிட்டான்னு உங்ககிட்ட வந்து நிப்பாரு. அதான் இருந்தேன்" என்றான். பிறகு சோல்பான் முன்னால் வந்து, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினான்.

சோல்பான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் போலீஸ் இல்லடா. என்கிட்ட விலங்கெல்லாம் கெடையாது. வண்டியில ஏறு, குளிருது" என்றாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஜூரா வீட்டு மேஜையில், யாரும் தொடாத பாலாடைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் தீர்ப்பைச் சொன்னாள். "பனி, வேலை, ஆடு சிதறிப்போச்சு. இதெல்லாம் காரணம், இத என்னால எழுத முடியும். ஒரு போன் பண்ணியிருந்தா இது ஒரு விஷயமே இல்லக்கா. ஆனா நீங்க பொய் சொல்லிட்டீங்க. வாராவாரம் நீங்க சொன்னத நம்பித்தான் நான் எழுதிட்டு இருந்தேன். இனிமே உங்க வார்த்தைய வச்சு எழுத முடியாது. வேற ஆளு பொறுப்பெடுக்கணும். திங்கட்கிழமைக்குள்ள யாரும் வரலன்னா பையன நீதிபதிகிட்ட அனுப்பணும்."

ஜூரா தலையாட்டினாள். தன்னை நீக்கியதை அவள் பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "திங்கட்கிழம, திங்கட்கிழம" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருத்தருக்கு ரத்த அழுத்தம், ஒருத்தருக்குக் கல்யாண வேலை. அந்த மூன்று நாளும் அவள் சம்சா சுடவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் கேட்டில் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாம்பெத் தாமாக வந்தார்.

"நான் எடுத்துக்கறேன்" என்றார். "மன்னிச்சுட்டேன்னு யாரும் நெனைக்க வேண்டாம். தெனமும் எட்டு மணிக்கு அவன் எங்க இருக்கான்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சா, நான் நிம்மதியாத் தூங்குவேன். அவ்வளவுதான்."

அவர் எப்படிச் சொன்னாலும் சரி, பையன் ஊரில் இருந்தான். இப்போது எட்டு மணிக்கு ஜோல்சு வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் மாம்பெத். ஜூராவுக்கு அந்தக் கதவைத் தட்டுகிற உரிமை போய்விட்டது. உரிமைதான் போயிற்று, பயம் போகவில்லை. அந்த நேரத்துக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தன் கேட்டுக்கு வந்து, ஐந்தாவது வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மாம்பெத் வருவதும் போவதும் தெரியும், பையன் தெரிய மாட்டான். "இருக்கானாமா?" என்று என்னைக் கேட்பாள். "இருப்பான்" என்பேன். அது அவளுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரியும்.

முதல் பனி விழுந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். கேட்டுக்கு வரவில்லை. நான் அவளுக்குச் சூப் வைத்துக்கொண்டிருந்தேன். எட்டு ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் எல்தியார், தலையெல்லாம் பனி, மூச்சு வாங்குகிறது.

"என்னடா, மணியாச்சே" என்றேன்.

"தெரியும், ஓடிருவேன்" என்றான். என் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்தான். கட்டிலில் ஜூரா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா. கேட்டுல உங்களக் காணோம். இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போக வந்தேன்."